‘பெற்றோரின் அலட்சியம்’ என்று எழுதுவதற்கு முன்

சென்னையின் தெற்கு விளிம்பில் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் களப்பணியாளராக இருக்கும் இளம் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

வாசகி சமூகப்பணியில் முதுகலை முடித்தவர். தொண்டு நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது அவருடைய பொறுப்பு. நகரின் நடுவே ஆற்றங்கரையில் வாழ்ந்து, ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில் அப்புறப்படுத்தப்பட்டு அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம் ஒன்று அவரைத் தூங்கவிடவில்லை. தாய் இன்னமும் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவு 7 மணிக்கு மேல்தான் திரும்புகிறார். தந்தைக்குப் பெயின்டிங் வேலை. வாரத்தில் பாதி நாள் வேலை கிடைப்பதில்லை, குடி உண்டு, சில இரவுகளில் மனைவியிடம் கை நீட்டுவதும் உண்டு. 13 வயது மகன் எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டுத் தண்ணீர் கேன் போடும் கடையில் வேலை செய்கிறான். 15 வயது மகள் ஒன்பதாம் வகுப்பின் நடுவில் நின்று, மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். வாசகி பலமுறை வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். தாய் “அனுப்புறேன்மா” என்று தலையாட்டுகிறார். பையன் இரண்டு நாள் போகிறான், மூன்றாம் நாள் நின்றுவிடுகிறான்.

நிறுவனத்தின் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் “பெற்றோரின் அலட்சியம், தந்தையின் குடிப்பழக்கம், மாணவனின் ஆர்வமின்மை” என்று எழுதியிருக்கிறார். அதே வாசகத்தைப் பல குடும்பங்களுக்கு எழுதியிருப்பதைப் பிறகு கவனித்தபோதுதான், கல்லூரியில் படித்த சமூகவியல் நினைவுக்கு வந்ததாம். மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது, “தியரி எல்லாம் பரீட்சைக்கு, நமக்கு மாத இலக்கு இருக்கிறது, அரசியல் பேசினால் போர்டு நம்மை உள்ளேயே விடாது” என்று பதில் கிடைத்திருக்கிறது (போர்டு என்று அவர் சொல்வது, குடியிருப்பை நிர்வகிக்கும் அரசு வாரியத்தை). அவர் கேட்பவை இவை: தனிக் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருப்பதே வீண் வேலையா? “உங்கள் தவறில்லை” என்று தாயிடம் சொன்னால் அவர் இன்னும் பொறுப்பற்றுப் போய்விட மாட்டாரா? பையன் வேலை செய்வதை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டுமா? வேலையை விட்டுவிட்டுப் போராட்ட அமைப்பு ஒன்றில் சேர்ந்துவிடுவதுதான் நேர்மையா?

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதைக் கவனித்தீர்களே, சமூகவியல் சிந்தனை அங்கேயே தொடங்கிவிட்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் இதை எண்களை வைத்து விளக்கினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால், அவருடைய குணத்தையும் திறமையையும் விசாரிப்பது நியாயம். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், ஒவ்வொருவருடைய குணத்திலும் விடை தேடிக்கொண்டிருக்க முடியாது. இதே மில்ஸ் 1943-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சமூகச் சீர்கேடுகளைப் பற்றிய பாடநூல்களை ஆராய்ந்து, அவற்றை எழுதியவர்கள் எல்லாவற்றையும் தனித்தனி நேர்வுகளாகவே பார்த்துப் பழகியதால் அவற்றைப் பிணைக்கும் அமைப்பைக் காணத் தவறுகிறார்கள் என்று குறைகூறினார். ஆகவே உங்கள் மேற்பார்வையாளருக்கும் உங்களுக்கும் இடையில் நடப்பது நம் தொழிலின் மிகப் பழைய சண்டை. உங்களுக்குப் பணியில் தகுதி போதவில்லை என்பதற்கு அது அடையாளம் ஆகாது.

ஒரு குடும்பம் அலட்சியமாக இருக்கலாம். ஒரே குடியிருப்பில், ஒரே காலகட்டத்தில், இத்தனை குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் அலட்சியம் வந்துவிட்டது என்றால், அதை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இதே பெற்றோர், ஆற்றங்கரையில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே இருந்தபோது, இதே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்களா? அனுப்பினார்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. மகள் அங்கே எட்டாம் வகுப்பு வரை நிற்காமல் படித்திருக்கிறாள். பெற்றோர் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது என்று தேடுவதுதான் உங்கள் வேலை.

அதே பெற்றோர், வேறு இடம்

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயோ அதற்கு அருகிலோ அடுக்குக் குடியிருப்பு கட்டித் தருவது முக்கியமான வழியாக இருந்தது. 2000-ஐ ஒட்டி கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கம் என, நகரின் நடுவில் இருந்த ஏழைகள் தெற்கு ஓரத்துக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அங்கே குடியேற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தலித் மக்கள் என்பதும், அவர்கள் செய்துவந்த வேலைகள் எல்லாம் பழைய பேட்டைகளிலேயே இருந்துவிட்டன என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. ஆனால் அவை உங்கள் படிவத்தில் எங்கும் இல்லை.

இந்தப் பின்னணியை மனதில் வைத்து உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள்; போகிற போக்கில் எழுதிய வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. குடும்பம் ஜனவரியில் மாற்றப்பட்டது, அதாவது கல்வியாண்டின் நடுவில். ஏப்ரல் வரை பையன் தாயோடு அதிகாலைப் பேருந்தில் பழைய பள்ளிக்கே போய்வந்தான். ஜூனில் புதிய பள்ளிக்குப் போனபோது டிசி (மாற்றுச் சான்றிதழ்) இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். பழைய பள்ளியில் டிசி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. சேர்ந்தபோது வகுப்பு வெகுதூரம் போயிருந்தது. “எங்க ஏரியா பேரைச் சொல்லித்தான் சார் கூப்பிடுவாரு” என்று அவன் உங்களிடம் சொன்னதை நீங்கள் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி ஏன் படிவத்துக்குப் போகவில்லை? இந்தக் குடியிருப்புகளின் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் நேர்காணலில் வேறு முகவரி சொல்வது ஊரறிந்த செய்தி. ஓர் அடையாளத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவை மனிதர்கள் எப்படி மறைத்தும் ஒதுங்கியும் சமாளிக்கிறார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் விரிவாக எழுதினார். மூன்றாம் நாள் நின்றுவிடும் பையன் செய்வதும் அப்படி ஒதுங்குவதுதான் என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் பேச வேண்டியவர்களின் பட்டியலில் அந்த ஆசிரியரும் சேர்கிறார்.

பாட்டியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். பழைய இடத்தில் பாட்டியும் சித்தியும் அடுத்த சந்தில் இருந்தார்கள். குலுக்கலில் அவர்களுக்கு வேறு பிளாக் விழுந்தது. லிஃப்ட் பாதி நாள் ஓடாததால் பாட்டியால் ஆறு மாடி ஏறி வர முடிவதில்லை. இந்தக் குடும்பத்தின் பால்வாடி, அவசரக் கைமாற்று, பிள்ளைகளை அதட்டும் அதிகாரம், குடித்துவிட்டு வரும் மருமகனைக் கேள்வி கேட்கும் தைரியம் எல்லாம் அந்தப் பாட்டியிடம்தான் இருந்தன. ஒரு வீட்டை ஒதுக்கும் விதி, குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் என்று எடுத்துக்கொண்டதன் விலையை இப்போது 15 வயதுப் பெண் கொடுக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. “பெரும்பாலும் தந்தைதான் இருக்கிறார், தாய்க்குப் பிள்ளைகள் மீது அக்கறையே இல்லை” என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெரும்பாலும் போவது அலுவலக நேரத்தில், காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில். அந்த நேரத்தில் அவர் மயிலாப்பூரில் யாரோ ஒருவருடைய பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பார். உங்கள் வேலை நேரம் தீர்மானித்த ஒன்று, அவருடைய குணமாகப் படிவத்தில் ஏறியிருக்கிறது.

தாயிடம் என்ன சொல்வது?

“உங்கள் தவறில்லை” என்று சொன்னால் பொறுப்பு குறைந்துவிடும் என்பது பரவலான அச்சம். அனுபவத்தில் நான் கண்டது வேறு. குற்றம் சாட்டப்படுகிறவர் தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று காத்திருப்பார். அந்த “அனுப்புறேன்மா” என்ற சொல், உங்களைப் போன்றவர்களை வாசலிலிருந்து மரியாதையாக அனுப்பிவைப்பதற்கு அவர் கற்றுக்கொண்ட வழி. பழியை எடுத்துவிட்டுப் பொறுப்பைப் பற்றிப் பேசினால்தான் உண்மையான தகவல் வெளியே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அறிவுரை எதுவும் சொல்லாமல், முந்தைய நாளை அவர் எழுந்தது முதல் படுத்தது வரை மணி மணியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, யார் பிடித்தது, எந்தப் பேருந்து, எவ்வளவு நேரம் நின்றுகொண்டு, இரவுச் சோற்றை யார் வடித்தது, பையன் எத்தனை மணிக்கு வந்தான் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது அவருடைய பணத்தை மிச்சப்படுத்தியது, நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. அந்த நாளின் கணக்கில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் நிறுத்தும் அரை மணி எங்கே இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடலாம். இருக்கிறது என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லை என்றால் வேறு யாரால் அது முடியும் என்பது அடுத்த கேள்வி.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு, கோட்பாடு படித்தவர்களுக்கு அது எளிதாக வரும். எல்லாவற்றுக்கும் ‘கட்டமைப்பு’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. ‘அலட்சியம்’ என்று எழுதுவதிலும் ‘கட்டமைப்பு’ என்று எழுதுவதிலும் உள்ள சோம்பல் ஒன்றேதான். இரண்டும் அந்தக் குடும்பத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றன. தந்தைக்கு வேலை போனது ஏன் என்பதற்குச் சமூகவியல் விளக்கம் இருக்கிறது. அவர் மனைவியை அடிப்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. அதே பிளாக்கில் அதே நிலையில் இருக்கும் எத்தனையோ ஆண்கள் அடிப்பதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம் என்பதையும், 181 என்ற உதவி எண்ணையும் தாய்க்குத் தெரியப்படுத்துங்கள். தனியாக இருக்கும்போது, பிள்ளைகள் முன்னிலையிலும் கணவர் காதில் விழும்படியும் அல்லாமல். பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பையனின் வேலை: சட்டமும் அபாயமும்

இதில் உங்களுக்கு ஊசலாட இடம் குறைவு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத குழந்தையைக் கடையில் வேலைக்கு வைப்பது எந்தத் தொழிலாக இருந்தாலும் குற்றம்; வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். முதல் முறை என்றால் பெற்றோர் தண்டிக்கப்படுவதில்லை. தாயின் பெரும் பயம் இதுவாக இருக்கலாம் என்பதால் இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ‘பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இப்படிப்பட்ட குழந்தை குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்படலாம். ஆனால் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே அந்தச் சட்டம் கருதுகிறது.

அவனுக்கு அடிபட்டிருந்தால், இரவில் கடையிலேயே தங்கவைக்கப்பட்டால், குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காக அவன் உழைக்கிறான் என்றால், அன்றைக்கே 1098-க்குத் தெரிவியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், இதை நீங்கள் ஒருவர் மட்டும் சுமக்கும் ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கைப்படி எழுத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுடன் பேசுங்கள். சோதனை நடத்திப் பையனை மீட்ட மறு வாரமே இன்னொரு கடையில் அவன் நிற்பது நாம் அடிக்கடி பார்ப்பதுதான். அவன் கொண்டுவரும் கூலி வீட்டில் எந்தச் செலவுக்குப் போகிறது என்று கண்டறியாமல் செய்யும் மீட்பு அப்படித்தான் முடியும்.

பள்ளியைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, டிசி வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. டிசியை உடனே தர வேண்டிய கடமை பழைய பள்ளித் தலைமையாசிரியருக்கு இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி உண்டு. ஜூனில் அந்த இரண்டு மாதம் அவனை வாசலில் நிறுத்தியது சட்டத்துக்கு விரோதம். “ஆர்வமின்மை” அதற்குப் பிறகு வந்தது.

வேலையில் இருந்துகொண்டே

உங்கள் மேற்பார்வையாளரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். குடியிருப்புக்குள் அனுமதி போய்விட்டால் அந்தக் குடும்பங்களுக்கு நீங்களும் இல்லாமல் போவீர்கள். ஆனால் ‘அரசியல்’ என்று அவர் அஞ்சுவதற்கும், நான் உங்களிடம் கேட்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. 1889-இல் சிகாகோவின் ஏழைப் பேட்டையில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் இருந்தவர்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர், வாரக் கூலி எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு, 1895-இல் வண்ண வரைபடங்களாக வெளியிட்டார்கள். தனித்தனிக் குடும்பங்களின் சோகக் கதையாக இருந்தது, ஒரு தெருவின் கூலி நிலவரமாகத் தெரிந்தது. அதைச் செய்தவர்கள் சமூகப்பணியின் முன்னோடிகள். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவர்கள் விடவில்லை.

உங்களிடம் அதைவிட நல்ல தரவு ஏற்கெனவே இருக்கிறது. நிறுவனத்தின் படிவத்தை மாற்ற உங்களால் முடியாது. ‘காரணம்’ கட்டத்துக்கு அருகில் உங்கள் குறிப்பேட்டில் சில பத்திகளைச் சேர்ப்பதை யாரும் தடுக்க முடியாது. குடியேற்றப்பட்ட மாதம், டிசி கிடைக்க ஆன காலம், தாய் வேலைக்குப் போகும் தூரமும் நேரமும், சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார், நெருங்கிய உறவினர் எந்த பிளாக்கில், பிள்ளை கடைசியாகப் பள்ளிக்குப் போன நாளில் அங்கே நடந்தது என்ன. பெயர்களை நீக்கிவிட்டு இதை ஒரு பக்க அட்டவணையாக மேற்பார்வையாளரிடம் வையுங்கள். கல்வியாண்டின் நடுவே வந்த குடும்பங்களில்தான் பிள்ளைகள் அதிகம் நிற்கிறார்கள் என்று அது காட்டினால், அவருடைய இலக்கை எட்டுவதற்கே அது வழி சொல்கிறது. அவர் மொழியில் பேசுங்கள். காட்டவில்லை என்றால் என் ஊகம் தவறு என்று எடுத்துக்கொண்டு அடுத்த காரணத்தைத் தேடுங்கள். குடும்பங்களின் ஒப்புதல் இல்லாமல் யாருடைய கதையையும் கூட்டத்திலோ நன்கொடையாளர் அறிக்கையிலோ பயன்படுத்தாதீர்கள்.

அந்த அட்டவணை போக வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூட்டத்தை வேலை நாள் பிற்பகலில் வைத்தால் எந்த வீட்டு வேலைப் பெண்ணாலும் வர முடியாது. கூட்டத்தின் நேரத்தை மாற்றக் கேட்பது போராட்டம் ஆகாது. டிசி பிரச்சினையைத் தலைமையாசிரியரிடமும், தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், அதன் பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமும் கொண்டுபோகலாம். உறவினர்களுக்கு அருகருகே வீடு ஒதுக்க வேண்டும் என்பது வாரியத்திடம் குடியிருப்போர் சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கை. நீங்கள் மனு எழுதிக் கொடுங்கள், கையெழுத்தும் குரலும் அவர்களுடையதாக இருக்கட்டும். வேலையை விட்டு இயக்கத்தில் சேர்வது மதிக்கத்தக்க முடிவு. அது உங்கள் விருப்பம். இந்த இரண்டு ஆண்டில் உங்களுக்குக் கிடைத்த வீட்டுக்குள் போகும் உரிமை வேறு எந்த வேலையிலும் எளிதில் கிடைக்காது என்பதை மட்டும் முடிவெடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை

நான்கு கேள்விகள் கேட்டீர்கள். அவற்றில் எதுவும் 15 வயதுப் பெண்ணைப் பற்றியது இல்லை. பையன் கடையில் நிற்பது கண்ணில் படுகிறது. அவள் வீட்டுக்குள் செய்வதற்கு வேலை என்ற பெயரே இல்லாததால் படிவத்திலும் அவள் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பையும் அவள் தாண்டிவிட்டாள், ஆகவே உங்கள் மாத இலக்கிலும் அவள் இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் நான் முதலில் கை வைக்கும் இடம் அவள்தான். மூன்று வயதுத் தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தால் பகலின் பெரும்பகுதி அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அங்கன்வாடி முடிந்த பிறகு தாய் வரும்வரை உள்ள மணி நேரங்களுக்குப் பாட்டியின் வீட்டில் குழந்தையை விட முடியுமா, கீழ்த்தளத்தில் இருக்கும் அண்டை வீட்டார் யாராவது சம்மதிப்பார்களா என்று தாயிடமும் பாட்டியிடமும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் அவளை மீண்டும் சேர்க்கத் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பள்ளிக்கே திரும்ப அவள் விரும்பவில்லையென்றால், எட்டாம் வகுப்பு தேறியவள் என்பதால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதும் வழி இருக்கிறது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டு ஓராண்டை இழப்பவர்கள் உண்டு என்பதால், அறிவிப்பு வரும் காலத்தை இப்போதே மாவட்டத் தேர்வுத் துறை அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். இதையெல்லாம் செய்வதற்கு முன், அவளுக்கு என்ன விருப்பம் என்று அவளிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் தாய் பேசியிருக்கிறார், பையன் பேசியிருக்கிறான், மேற்பார்வையாளர் பேசியிருக்கிறார். அவள் சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை.